காவிரி வந்த பிறகும் டேங்கர் ஏன்? பெங்களூரு அடுக்ககத்தில் தண்ணீர்க் கட்டுப்பாடு

கேட்டிருப்பது இதுதான். ஹொரமாவு பக்கம் 80 வீடுகள் உள்ள ஒரு அடுக்ககம். காவிரி இணைப்பு வந்துவிட்டது. ஆனாலும் பிப்ரவரி பிறந்தால் டேங்கர் வந்து நிற்கிறது. இந்த ஆண்டு அசோசியேஷன், குழாயில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 8 வரையும்தான் தண்ணீர் வரும், காரைக் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்துவிட்டது. இது சரியா, இதனால் தண்ணீர் மிச்சமாகுமா, அசோசியேஷனுக்கு இந்த அதிகாரம் உண்டா?

கிழக்கு பெங்களூரில் அடுக்ககங்களின் தண்ணீர் வேலையைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: காரைக் குடிநீரில் கழுவக் கூடாது என்பது சரியான கட்டுப்பாடு. நேரம் வைத்துத் தண்ணீர் விடுவது தவறான கட்டுப்பாடு. எந்த வீட்டுக்குள் எவ்வளவு போகிறது என்று அளக்காமல் போடும் எந்தக் கட்டுப்பாடும் பாதி மக்களுக்கு அநியாயமாகத்தான் முடியும்.

காவிரி வந்தும் ஏன் பற்றவில்லை என்பதை முதலில் பார்ப்போம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், பக்கத்தில் பெரிய ஆறு எதுவும் இல்லாமல் இருக்கும் ஊர். 1890-களில் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது, 1933-ல் திப்பகொண்டனஹள்ளி அணை வந்தது, 1974-ல்தான் காவிரி முதல் கட்டம் ஓடத் தொடங்கியது. இப்போதும் அந்தத் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து புறப்பட்டு, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று இடையிடையே மறுபடி மறுபடி பம்ப் செய்யப்பட்டு மேலே ஏறி வருகிறது. வழியில் ஒரு பம்ப் நின்றாலும், ஒரு பெருங்குழாய் உடைந்தாலும் நகரத்தின் ஒரு பக்கம் காய்ந்துவிடும். பராமரிப்பு என்று இரண்டு நாள் நிறுத்துவதும் உண்டு.

உங்கள் பகுதி 2007-ல்தான் மாநகராட்சிக்குள் வந்தது. அந்த ஆண்டு பழைய நகரத்தோடு ஏழு நகராட்சிகளையும் ஒரு பேரூராட்சியையும் 110 கிராமங்களையும் சேர்த்து பெரிய பெங்களூரை உருவாக்கினார்கள். ஹொரமாவு அந்த 110-ல் ஒன்று. மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டாலும் தண்ணீர் சேரவில்லை. இந்தக் கிராமங்களுக்கென்று திட்டமிட்ட காவிரி ஐந்தாம் கட்டம், நாளைக்கு 77.5 கோடி லிட்டர் திறனோடு, 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. நடுவில் போன 17 ஆண்டுகளில் எழுந்த அடுக்ககங்கள் எல்லாம் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரையும் டேங்கரையும் நம்பியே கட்டப்பட்டவை. டேங்கர் தண்ணீரும் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். பக்கத்துக் கிராமத்தில் யாரோ ஒருவர் நிலத்திலிருந்து எடுத்தது. ஆகவே நாம் நம்பியிருந்தது எல்லாம் நிலத்தடியில் இருந்த ஒரே இருப்பைத்தான்.

அந்த இருப்பு மிகச் சிறியது. சென்னையில் கடலோர மணற்பாங்கான இடங்களில் ஒரு நல்ல மழைக்குப் பிறகு கிணற்றில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். பெங்களூரின் அடியில் இருப்பது பாறை. மேலே கொஞ்சம் உதிர்ந்த மண்ணடுக்கு, கீழே கடினமான பாறை, அதில் அங்கங்கே விரிசல்கள். 1,000 அடிக்குக் கீழே போர் போடும்போது விரிசலில் பல காலமாகத் தங்கிய தண்ணீரை எடுக்கிறோம். அது ஒரு மழையில் திரும்பி நிரம்பாது. 2023-ல் பருவமழை பொய்த்தபோது கர்நாடகத்தின் 236 வட்டங்களில் 223-ஐ வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்கள். அடுத்த மார்ச்சில் முதல்வர் சித்தராமையா சொன்ன கணக்கு இது: நகரத்தின் சுமார் 14,000 அரசு போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டன, நாளைக்கு 260 கோடி லிட்டர் தேவை, 50 கோடி லிட்டர் குறைவு. 2025 பிப்ரவரியில் இந்திய அறிவியல் கழகத்தோடு சேர்ந்து செய்த ஆய்வை வைத்து குடிநீர் வாரியம் எச்சரித்ததும் இதைத்தான். கோடையில் நிலத்தடி நீர் நகரத்தின் மையத்தில் சுமார் 5 மீட்டர் இறங்கலாம், 110 கிராமங்களில் 20 முதல் 25 மீட்டர் வரை இறங்கலாம் என்றது. நம் பக்கத்து நிலைமை மையத்தைவிட நாலைந்து மடங்கு மோசம்.

சரி, காவிரி இணைப்பு வந்துவிட்டதே என்றால், இணைப்பு என்பது 24 மணி நேரத் தண்ணீர் ஆகாது. புறநகரில் பல தெருக்களில் வாரத்தில் சில நாள், சில மணி நேரம்தான் வால்வைத் திறக்கிறார்கள். திறந்திருக்கும் நேரத்தில் உங்கள் சம்ப், அதாவது தரைக்கடித் தொட்டி, நிரம்பியாக வேண்டும். சம்ப் சின்னதாக இருந்தாலோ, பாதி சம்ப் ஏற்கெனவே டேங்கர் தண்ணீரால் நிரம்பியிருந்தாலோ, வாரியம் விடும் மலிவான தண்ணீரை உங்களால் வாங்கிக்கொள்ளவே முடியாது. இதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். செக்யூரிட்டி நல்லெண்ணத்தோடு முந்தின நாள் இரவே இரண்டு லோடு இறக்கி வைத்துவிடுவார். காலையில் காவிரி வரும்போது மிதவை வால்வு மூடிக்கொள்ளும். காவிரிக்கென்று ஒரு சம்ப், மற்றதற்கு ஒரு சம்ப் என்று பிரியுங்கள். ஒரே சம்ப்தான் என்றால் நடுவில் ஒரு சுவர் எழுப்பலாம். காவிரி வரும் நாளும் நேரமும் எழுதிய ஒரு தாளை மோட்டார் அறையில் ஒட்டி வையுங்கள். உங்கள் பகுதி வால்வ்மேனிடம் நல்ல முறையில் பேசிப் பழகி வைத்துக்கொள்வதும் முக்கியம். எந்தத் தெருவுக்கு எப்போது விடுகிறார்கள் என்பதை அவரைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் இல்லை. வாரியத்தின் புகார் எண் 1916. தண்ணீர் வராத ஒவ்வொரு முறையையும் அதில் பதிவு செய்து எண்ணை வாங்கி வையுங்கள். உதவிப் பொறியாளரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பட்டியல் கையில் இருக்க வேண்டும்.

இப்போது நேரக் கட்டுப்பாட்டுக்கு வருகிறேன். குழாயை மூடினால் செலவு குறையும் என்று தோன்றுவது இயல்பு. நடப்பது வேறு. ஆறு மணிக்கு வால்வைத் திறந்ததும் 80 வீடுகளும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கின்றன. கீழ்த் தளங்களில் வேகமாக வரும், மேல் தளத்தில் சொட்டும். எல்லோரும் வாளி, டிரம் என்று நிரப்பி வைப்பார்கள். மறுநாள் புதுத் தண்ணீர் வந்ததும் பழையதைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவார்கள். தண்ணீர் இல்லாத நேரத்தில் திறந்து பார்த்துவிட்டு மூட மறந்த குழாய், தண்ணீர் வந்ததும் ஆளில்லாத வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டு வேலைக்கு வரும் அம்மா பத்து மணிக்கு வந்தால் பாத்திரம் கழுவ டிரம்மிலிருந்து மொண்டு மொண்டுதான் ஊற்ற வேண்டும். இரவு ஷிப்ட் முடித்துக் காலை பத்து மணிக்கு வருபவர், பிரசவித்த பெண் இருக்கும் வீடு, படுக்கையில் இருக்கும் முதியவர் இருக்கும் வீடு, இவர்களுக்கு என்ன பதில்? பெரிய தொட்டி வாங்கி வைக்க வசதியும் இடமும் உள்ளவருக்கு இந்தக் கட்டுப்பாடு வலிக்காது. வலிப்பது மற்றவர்களுக்குத்தான்.

கட்டுப்பாடு என்றால் அது லிட்டரில் இருக்க வேண்டும். நம் நாட்டு நகரங்களுக்கு மத்திய அரசின் வழிகாட்டி அளவு, ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர். 80 வீட்டில் 280 பேர் என்று வைத்தால் நாளைக்கு சுமார் 38,000 லிட்டர். இந்த எண்ணை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் அடுக்ககம் உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறது என்று பாருங்கள்: காவிரி மீட்டர் அளவு, போர் மோட்டாருக்கு ஒரு மீட்டர், டேங்கர் லோடு. மூன்றையும் ஒரு மாதம் கூட்டுங்கள். 38,000 வரவேண்டிய இடத்தில் 60,000 வந்தால், யாரோ கார் கழுவியதால் அந்த வித்தியாசம் வரவில்லை. எங்கோ ஒழுகுகிறது.

ஒழுக்கைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரவு ஒரு மணிக்கு மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும் மோட்டாரை நிறுத்திவிட்டு நீர்மட்டத்தைக் குறியுங்கள். நாலு மணிக்கு மறுபடி பாருங்கள். தொட்டியின் அடிப்பரப்பு 20 சதுர மீட்டர் என்றால் 1 சென்டிமீட்டர் இறங்கினாலே 200 லிட்டர். ஊர் தூங்கும் நேரத்தில் பத்து சென்டிமீட்டர் இறங்கினால் மூன்று மணி நேரத்தில் 2,000 லிட்டர் வீணாகிறது என்று பொருள். பெரும்பாலும் குற்றவாளி கழிப்பறை ஃபிளஷ் டேங்க்தான். உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்து, சத்தமே இல்லாமல் பீங்கானோடு ஒட்டி வழிந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஃபிளஷ் டேங்கில் கொஞ்சம் கேசரிப் பவுடர் கலர் போட்டு, கால் மணி நேரம் ஃபிளஷ் பண்ணாமல் விடச் சொல்லுங்கள். கீழே நிறம் தெரிந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளம்பரை அழைத்து 80 வீட்டையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். எனக்குத் தெரிந்து இதைவிடக் குறைந்த செலவில் இத்தனை தண்ணீரை மிச்சப்படுத்தும் வேலை வேறு இல்லை.

அப்புறம் ஏரேட்டர். சாதாரணக் குழாயை முழுசாகத் திறந்தால் நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல்கூட கொட்டும். குழாய் முனையில் திருகும் அந்தச் சின்ன வலை அதை 3 லிட்டர் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். 2024 மார்ச்சில் வாரியம் வணிக இடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. சமையலறைக் குழாய்க்கும் வாஷ்பேசினுக்கும் போடுங்கள். வாளி நிரப்பும் குழாய்க்குப் போட வேண்டாம். வாளிக்கு வேண்டிய அளவு வேண்டியதுதான், நேரம்தான் வீணாகும். போர் தண்ணீரின் உப்பு அதில் படியும் என்பதால் மாதம் ஒரு முறை வினிகரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். இதைச் சொல்லாமல் மாட்டிவிட்டுப் போனால் மூன்று மாதத்தில் பாதிப் பேர் கழற்றி எறிந்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பதில்தான் எல்லாப் பொதுக்குழுவும் சண்டையாகிறது. பழைய கட்டடங்களில் ஒரு வீட்டுக்கு ஒரே குழாய் வராது. சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று என்று மேலிருந்து தனித்தனியாக இறங்கும். அதனால் ஒரு வீட்டுக்கு மூன்று, நாலு மீட்டர்கூட வேண்டியிருக்கும். செலவுதான். ஆனாலும் செய்யுங்கள். இப்போது தண்ணீர்ச் செலவைச் சதுர அடிக் கணக்கில் மெயின்டெனன்ஸோடு சேர்த்து வாங்குகிறீர்கள் என்றால், தனியாக இருக்கும் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியை பக்கத்து வீட்டு எட்டுப் பேரின் குளியலுக்குப் பணம் கட்டுகிறார். தன் செலவு தன் கண்ணில் படாதவரை யாரும் குறைக்க மாட்டார்கள். மீட்டர் வந்த பிறகு விலையை இப்படி வையுங்கள்: ஆள் கணக்கில் 135 லிட்டர் வரை வாங்கிய விலை, அதற்கு மேல் டேங்கர் விலை, இன்னும் மேலே போனால் இரண்டு மடங்கு. விருந்தாளி வந்த மாதத்தில் கொஞ்சம் கூடும், கூடட்டும், கட்டட்டும். யாரும் யாரையும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துப் புகார் சொல்ல வேண்டிய நிலை வராது. மீட்டர் வைக்கும்வரை நேரக் கட்டுப்பாடு தவிர வேறு வழியே இல்லை என்ற நாள் வந்தால், இரவு 11 முதல் காலை 5 வரை மட்டும் மூடுங்கள். பகலில் மூடாதீர்கள்.

அபராதம், அதிகாரம் பற்றிக் கேட்டீர்கள். 5,000 ரூபாய் என்ற தொகை குடிநீர் வாரியத்தின் உத்தரவிலிருந்து வந்தது. 2024 மார்ச்சில், 1964-ம் ஆண்டு வாரியச் சட்டத்தின் கீழ், குடிநீரை வாகனம் கழுவ, தோட்டத்துக்கு, கட்டுமானத்துக்கு, அலங்கார நீரூற்றுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தார்கள். மீறினால் 5,000, தொடர்ந்தால் நாளொன்றுக்கு 500 கூடுதல். சில நாட்களிலேயே 22 வீடுகளிடமிருந்து 1.1 லட்சம் வசூலித்ததும் செய்தியானது. 2025 பிப்ரவரியில் அதே தடையை மறுபடி கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த அபராதத்தை விதிக்கும் உரிமை வாரியத்துக்கு. அசோசியேஷன் அதே தொகையைத் தன் பெயரில் வாங்க முடியாது. உங்கள் துணை விதிகளில் இடம் இருந்து, பொதுக்குழு தீர்மானம் நிறைவேற்றியிருந்தால் அந்த அளவுக்குக் கட்டணம் விதிக்கலாம். நிர்வாகக் குழு மட்டும் கூடி ஒட்டிய நோட்டீஸ் போதாது. பாக்கி வைத்தவர் வீட்டுக்குத் தண்ணீரை அடியோடு அடைப்பது என்ற பேச்சு சில இடங்களில் கிளம்பும். அதை மட்டும் செய்ய விடாதீர்கள். சுத்தமான தண்ணீரை உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவில் சொல்லும் உயிர்வாழும் உரிமையோடு சேர்த்துப் பார்த்திருக்கிறது. பாக்கியை வசூலிக்கச் சட்டத்தில் வேறு வழிகள் உண்டு.

அந்தத் தடை குடிநீருக்கு மட்டும் என்பதைக் கவனியுங்கள். உங்கள் அடுக்ககத்தில் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இருந்தால், சுத்திகரித்த தண்ணீரில் காரையும் கழுவலாம், செடிக்கும் விடலாம். அதைவிட முக்கியம் கழிப்பறை. ஒரு ஆள் ஃபிளஷ்ஷுக்கு நாளைக்கு சுமார் 45 லிட்டர் என்று கட்டட விதிகள் கணக்கு வைத்திருக்கின்றன. 280 பேருக்கு 12,600 லிட்டர். ஒரு 12,000 லிட்டர் டேங்கர் லோடு முழுவதும் தினமும் கழிப்பறைக்குள் போகிறது என்று அர்த்தம். கட்டும்போதே நல்ல தண்ணீருக்கு ஒன்று, சுத்திகரித்த தண்ணீருக்கு ஒன்று என்று இரட்டைக் குழாய் போட்டிருந்தால், அந்த ஒரு லோடு உங்களுக்கு மிச்சம். பல இடங்களில் இரட்டைக் குழாய் இருந்தும் நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி மூடி வைத்திருக்கிறார்கள். நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் மின் கட்டணம். இரவில் காற்று ஊதும் பிளோயரை நிறுத்திவிடுகிறார்கள். காற்று இல்லாமல் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துப்போகின்றன. மறுநாள் தண்ணீர் மங்கலாகி நாறுகிறது. பிளோயர் மணிக்கணக்கை ஒரு நோட்டில் எழுதச் சொல்லி மாதம் ஒரு முறை தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினால் ஒரு சில வாரத்தில் நிலைமை மாறும்.

டேங்கர் தவிர்க்க முடியாத நாட்களுக்கு ஒரு வார்த்தை. 2024 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்தது: 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அந்த விலைக்குத் தண்ணீர் கிடைக்காமல் தவித்தவர்கள் பலர் என்பதும் உண்மை. விலையைவிட அளவில்தான் பணம் அதிகமாகப் போகிறது. இறக்கும் குழாயில் ஒரு மீட்டர் போட்டு, மீட்டர் காட்டும் லிட்டருக்குத்தான் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். கருவியில் 500-க்கு மேல் காட்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று வீடுகளுக்குச் சொல்லுங்கள். அந்தக் கருவி உப்பை மட்டும்தான் காட்டும். கழிவுநீர் கலந்திருக்கிறதா என்பதை ஆய்வகம்தான் சொல்லும். வாரியமே காவிரித் தண்ணீரை லாரியில் கொண்டுவந்து தரும் சஞ்சாரி காவேரி சேவையை 2025-ல் தொடங்கியிருக்கிறது. தனியார் லோடுக்குப் போகும் முன் அதில் பதிவு செய்து பாருங்கள்.

மழைநீரைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரி 970 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. உங்கள் மொட்டை மாடி 1,000 சதுர மீட்டர் என்றால், வீணாவது போக ஏழரை லட்சம் லிட்டர் பிடிக்கலாம். 280 பேருக்கு அது சுமார் 20 நாள் தண்ணீர். ஆண்டு முழுதும் அதில் ஓடாது. ஆனால் அந்த 20 நாளும் டேங்கர் வராத 20 நாள். 2009-லேயே மழைநீர் சேகரிப்பு சட்டத்தில் கட்டாயமாகிவிட்டது; அமைப்பு இல்லாத கட்டடங்களுக்கு வாரியம் தண்ணீர் பில்லோடு அபராதம் சேர்க்கிறது. பெயருக்கு ஒரு குழி தோண்டி மாடிக் குழாயை அதில் விட்டுவிட்டுப் படம் எடுத்து அனுப்பிய அடுக்ககங்களில் அந்தக் குழி ஒரே பருவத்தில் மண் அடைத்துவிடும். பாறை ஊரில் முதலில் சம்ப்புக்குள் நேரடியாகப் பிடித்துப் பயன்படுத்துவதுதான் பலன். மிஞ்சியதை மட்டும் நிலத்துக்குள் இறக்கும் மீள்நிரப்புக் கிணற்றுக்கு அனுப்புங்கள். மே மாதக் கோடை மழைக்கு முன் மாடியைக் கழுவி, வடிகட்டியில் உள்ள ஜல்லியை வெளியே எடுத்து அலசி, முதல் மழைத் தண்ணீரை வெளியேற்றும் வால்வு திறக்கிறதா என்று பிளம்பரை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.